புதுப்பிப்பு: அங்கன்வாடி தீபாவளி வசூல் – எது கைகொடுத்தது

கண்ணகி நகர் அங்கன்வாடியில் 27 குழந்தைகள். தீபாவளிக்கு அவர்களுக்குப் பொருள் சேர்த்தால் ஆளாளுக்குப் பழைய துணி மூட்டையாகத் தருகிறார்கள், என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது "முதல்ல டீச்சரைக் கேளுங்க, அப்புறம் சீட்டு ஒட்டுங்க" என்றதுதான். டீச்சர் கேட்டவை வேறு: படுக்கப் பாய், மூடியுள்ள தண்ணீர் டிரம், குக்கருக்கு கேஸ்கெட். பொம்மையைப் பற்றிப் பேச்சே இல்லை! ஒரு பொருளுக்கு ஒரு சீட்டு எழுதி எங்கள் குடியிருப்பு லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். கிழித்து எடுத்தவர் வாங்கித் தர வேண்டும். நாலே நாளில் பலகை காலி. கேஸ்கெட் சீட்டு மட்டும் கடைசிவரை தொங்கியது, நானே வாங்கினேன்.

சொதப்பியது புதுத்துணி. வயதைச் சொல்லி வாங்கியதில் பாதி தொளதொள. ஒரு வாண்டு கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தது. பில் இருந்ததால் 11 உருப்படியை மாற்றிக்கொண்டோம். வாங்கும் முன் நூல் வைத்து அளந்துவிடுங்கள்.

பழந்துணி வேண்டாம் என்று சீட்டிலேயே எழுதியும் இரண்டு மூட்டை வந்தது. துவைத்துக் கிழித்துத் துடைப்புத் துணி ஆக்கியாயிற்று.