நேர் பஸ்ஸ ரெண்டா பிரிச்சிட்டாங்க, நடுவுல மாறுற இடத்துல தினமும் பஸ் தவறுது. என்ன பண்ணலாம்?

காலை ஷிப்ட் (கேள்வி):
வணக்கம் எல்லாருக்கும். ஒரு மாசமா இதே கவலைதான், தெரிஞ்சவங்க யாராவது வழி சொல்லுங்க.

நான் ஆஸ்பத்திரில வார்டு வேலை. காலைல 7 மணிக்கு டூட்டி மாத்தணும். எங்க வீட்டு ஸ்டாப்புலருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரே பஸ் இருந்துச்சு, 5:55க்கு ஏறுனா 6:47க்கு இறங்கிடலாம், ஏழு வருஷமா அதுலதான் போயிட்டிருந்தேன். போன மாசம் ஸ்டாப்புல ஒரு பேப்பர் ஒட்டியிருந்தாங்க, பழைய டைம் போர்டு மேலயே, மழைல பாதி எழுத்து அழிஞ்சு போயிருந்துச்சு. நேர் பஸ் இனிமே கிடையாது, முதல் பஸ் சந்திப்பு வரைக்கும், அங்க இறங்கி ரெண்டாவது பஸ் பிடிக்கணும்னு.

பேப்பர்ல பாத்தா நல்லாத்தான் இருக்கு. முதல் பஸ் 6:00க்கு ஏறுனா 6:20க்கு சந்திப்பு, ரெண்டாவது பஸ் அங்கருந்து 6:25க்கு கிளம்பி 6:50க்கு ஆஸ்பத்திரி. ஆனா சந்திப்புல இறங்குற ஸ்டாப் ஒரு பக்கம், ரெண்டாவது பஸ் கிளம்புற இடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். சிக்னல்ல நின்னு ரோட்ட தாண்டி போறதுக்குள்ள அந்த பஸ் என் கண்ணு முன்னாடியே போகுது. அடுத்தது 6:45. அப்ப ஆஸ்பத்திரி போய் சேர 7:10 ஆயிடும்.

நான் வந்தாதான் நைட் டூட்டி பாத்த அக்கா கிளம்ப முடியும். அவங்க பையன ஸ்கூலுக்கு அனுப்பணும். ராத்திரி முழுக்க முழிச்சிருந்தவங்கள தினமும் நிக்க வெக்கறோமேன்னு எனக்கு மனசே கேக்கல. இதுல ஆப் வேற பழைய நேர் பஸ்ஸ இன்னும் காட்டிக்கிட்டு இருக்கு. சாயங்காலம் திரும்பறப்ப அரை மணி நேரம் ஒண்ணும் வராது, வந்தா ரெண்டு பஸ் ஒண்ணா வருது. என்ன செய்யலாம்?

ஜன்னல் சீட்:
எங்க ஏரியாலயும் இதே கதைதான். இருந்தத இருந்தபடி விட்டிருக்கலாம். ஏழு வருஷம் ஓடுன பஸ்ஸ எதுக்கு மாத்தணும்? எல்லாரும் சேர்ந்து பழையபடி விடுங்கன்னு ஒரே கோரிக்கையா கேக்கணும்.

மேப் தம்பி:
அக்கா, முதல்ல ஆப் விஷயத்த சொல்லிடறேன், அது சுலபம். ஆப்ல வர டைம் எல்லாம் பஸ் நிர்வாகம் குடுக்கற ஒரு டேட்டா தொகுப்புலருந்து வருது, ஜிடிஎஃப்எஸ்னு பேரு. 2005ல அமெரிக்காவுல போர்ட்லேண்ட் நகரத்து பஸ் நிர்வாகமும் கூகுளும் சேர்ந்து ஆரம்பிச்சது, இப்ப உலகத்துல நிறைய ஊர்ல இதுதான். அதுல ஒவ்வொரு அட்டவணைக்கும் ஆரம்ப தேதி, முடிவு தேதி இருக்கும். புது ரூட்ட ரோட்டுல விட்டுட்டு ஃபைல மாத்தலன்னா ஆப் பழசையேதான் காட்டும், ஆப் மேல தப்பு இல்ல.

நீங்க செய்ய வேண்டியது: பழைய ரூட்ட ஃபேவரிட்ல வெச்சிருந்தா அத எடுத்துடுங்க, ஆப்ப அப்டேட் பண்ணிட்டு ஸ்டாப் பேர வெச்சு புதுசா தேடுங்க, ஆஃப்லைன் டேட்டா டவுன்லோட் பண்ணி வெச்சிருந்தா அதையும் அழிச்சிடுங்க. இன்னொண்ணு, ஆப்ல ஒரு டைம் தெரிஞ்சா அது வண்டில இருக்க ஜிபிஎஸ் சொல்ற டைமா, இல்ல அட்டவணைல எழுதுன டைமான்னு பாருங்க. பல ஆப்ல லைவ்னா பக்கத்துல சின்ன அலை மாதிரி ஒரு குறி இருக்கும், இல்ல கலர் வேறயா இருக்கும். அது இல்லன்னா நீங்க பாக்கறது வெறும் பேப்பர் டைம்தான், பஸ் கிளம்புச்சான்னே அதுக்கு தெரியாது. நிறைய பேர் இங்கதான் ஏமாந்துடறாங்க.

பழைய டைம் கீப்பர்:
அம்மா, நான் பணிமனைல ரொம்ப வருஷம் டைம் போட்டவன், இப்ப ரிட்டயர்டு. ஜன்னல் சீட் சொல்றது வலிலருந்து வர பேச்சு, புரியுது, ஆனா பழையபடி விடுன்னு மட்டும் கேட்டா பெரும்பாலும் நடக்காது. ஏன் பிரிக்கறாங்கன்னு தெரிஞ்சாதான் எதக் கேக்கறதுன்னு தெரியும்.

ஒரு தடத்துல வண்டி போய்ட்டு திரும்பி வர, ஓய்வு சேர்த்து 100 நிமிஷம்னு வைங்க. 10 வண்டி இருந்தா 10 நிமிஷத்துக்கு ஒண்ணு விடலாம். டிராபிக் கூடி அதே சுத்து 120 நிமிஷம் ஆச்சுன்னா, அதே 10 வண்டிய வெச்சு 12 நிமிஷத்துக்கு ஒண்ணுதான் விட முடியும். பழையபடி 10 நிமிஷம் வேணும்னா இன்னும் 2 வண்டி, அதுக்கு டிரைவர், கண்டக்டர் எல்லாம் வேணும். அது இல்லாதப்ப நீளமான தடத்த நடுவுல வெட்டுவாங்க. நீளமான தடத்துக்கு இன்னொரு கஷ்டம், ஒரு முனைல பள்ளம் தோண்டுனா மறு முனைல நிக்கறவங்களுக்கும் லேட்டு. வெட்டுனா அந்த லேட்டு அங்கயே நின்னுடும். வெட்டுறது தப்பு இல்லம்மா, வெட்டுன இடத்துல ஜனங்க எப்படி மாறுவாங்கன்னு நடந்து பாக்காம விட்டதுதான் தப்பு.

உங்க கணக்க பாருங்க. 6:20க்கு இறங்கறீங்க, 6:25க்கு அந்த பஸ். சிக்னல் சேர்த்து நடக்க எத்தனை நிமிஷம்? 4 நிமிஷம்னா கையில இருக்கறது ஒரே ஒரு நிமிஷம். ரோட்டுல ஓடற எந்த வண்டியும் தினமும் ஒரு நிமிஷத்துக்குள்ள வந்து நிக்காது. 5 நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருந்தா ஒண்ண விட்டாலும் பரவால்ல, 20 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா வண்டிக்கு வண்டி சேர்த்துத்தான் டைம் போடணும், அது எங்க வேலையோட அரிச்சுவடி.

சாயங்காலம் ரெண்டு ஒண்ணா வரதுக்கும் காரணம் இருக்கு. முன்னாடி போற வண்டி கொஞ்சம் லேட் ஆனா ஸ்டாப்புல கூட்டம் சேரும், கூட்டம் ஏற நேரம் ஆகும், இன்னும் லேட் ஆகும். பின்னாடி வர வண்டிக்கு ஆளே இருக்காது, வேகமா வந்து முன்னாடி வண்டிய தொட்டுடும். 20 நிமிஷத்துக்கு ஒண்ணு சரியா வந்தா சராசரியா 10 நிமிஷம் நிப்பீங்க. அதே எண்ணிக்கை வண்டி 4 நிமிஷம், 36 நிமிஷம்னு மாறி மாறி வந்தா சராசரி 16 நிமிஷத்த தாண்டிடும், ஏன்னா நிறைய பேர் வந்து மாட்டறது அந்த 36 நிமிஷ இடைவெளிலதான். அப்பவும் ஆபீஸ் கணக்குல எல்லா நடையும், அதாவது எல்லா டிரிப்பும், ஓடுச்சுன்னுதான் இருக்கும்.

அதனால முதல்ல ஒரு நோட்டு போடுங்க. 10, 12 நாள் மூணே விஷயம் எழுதுங்க: முதல் பஸ் சந்திப்புக்கு வந்த டைம், ரெண்டாவது பஸ் கிளம்புன டைம், நீங்க ஏறுனீங்களா இல்லயா. அதுவரைக்கும் கஷ்டம்தான், ஆனா முந்தின 5:40 பஸ்ஸுக்கு போங்க, அது லேட் ஆனாலும் 6:25 தவறாது.

ரயில் பிடிக்கிறவன்:
ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ஊர்ல இதே மாதிரி யாரோ கேட்டு ஒரு பஸ்ஸ 5 நிமிஷம் தள்ளுனாங்க. அந்த பஸ்ஸ நம்பித்தான் நான் ரயில் பிடிச்சிட்டு இருந்தேன். 5 நிமிஷத்துல ரயில் போச்சு, அடுத்த ரயில் ஒரு மணி நேரம் கழிச்சு. யாரும் எங்கள கேக்கல, ஒரு நாள் காலைல வந்து நின்னப்பதான் தெரிஞ்சுது. நீங்க டைம் மாத்தக் கேக்கறதுக்கு முன்னாடி அந்த பஸ்ல இருக்கறவங்கள ஒரு வார்த்த கேட்டுடுங்க.

அம்மாவோட கூட போறவ:
வயசானவங்களுக்கு இந்த பஸ் மாறுறது எவ்ளோ பெரிய விஷயம்னு யாருமே நினைக்கறதில்ல. எங்க அம்மாவுக்கு முட்டி வலி. நேர் பஸ்ல ஒரு தடவ ஏறி ஒரு தடவ இறங்குனா போதும். இப்ப ரெண்டு தடவ ஏறி ரெண்டு தடவ இறங்கணும், நடுவுல ரோடு கிராஸ் பண்ணணும், அங்க உக்கார ஒரு பெஞ்ச் கூட கிடையாது. போன தடவ பாதி ரோட்டுல சிக்னல் மாறிடுச்சு, நடுத்திட்டுல அம்மா என் கைய பிடிச்ச பிடி இன்னும் ஞாபகம் இருக்கு. அம்மா இப்ப செக்கப்புக்கே வர மாட்டேங்கறாங்க. காலை ஷிப்ட், நீங்க எழுதுறப்ப இறங்குற ஸ்டாப்ப ரோட்டுக்கு அந்தப் பக்கமே மாத்த முடியுமான்னும் கேளுங்க.

ஜன்னல் சீட்:
டைம் கீப்பர் சார், நீங்க சொல்றது புரியுது. ஆனா நாங்க மட்டும் ஏன் நோட்டு போட்டு நிரூபிக்கணும்? மாத்துனவங்கதான பாக்கணும்?

பழைய டைம் கீப்பர்:
நியாயமான கேள்வி தம்பி. அவங்கதான் பாக்கணும். பாக்காம மாத்துனா என்ன ஆகும்னு உலகத்துக்கே தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. சிலி நாட்டுல சாண்டியாகோ நகரத்துல 2007 பிப்ரவரி 10ஆம் தேதி ஒரே நாள்ல பஸ் தடம் எல்லாத்தையும் மாத்துனாங்க. நேர் பஸ் போய் பலரும் வண்டி மாற வேண்டி வந்துச்சு, ஆனா வண்டி பத்தல, கூட்டம் மொத்தமும் மெட்ரோல போய் நெரிஞ்சுது. கடைசில நாட்டோட அதிபர் மிச்செல் பாச்லெட்டே ஜனங்ககிட்ட மன்னிப்பு கேக்கற நிலைமை ஆச்சு. தென்கொரியாவுல சியோல்ல 2004 ஜூலை 1ஆம் தேதி தடத்த எல்லாம் மாத்துனாங்க, நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள்னு கலர் போட்டு. அங்கயும் முதல் சில நாள் ஒரே குழப்பம், கார்டு மெஷின் கூட ஒழுங்கா வேலை செய்யல. ஆனா பஸ்ஸுக்குன்னு தனி லேன் இருந்துச்சு, வண்டி மாறுனா திரும்ப முழு டிக்கெட் கிடையாது, தூரத்த வெச்சுத்தான் காசு. அதனால கொஞ்ச நாள்ல ஜனங்க பழகிட்டாங்க. ரெண்டு இடத்துலயும் மாத்தத்தான் செஞ்சாங்க, மாறுறவங்களுக்கு வழி பண்ணுனதுலதான் வித்தியாசம்.

நோட்டு எதுக்குன்னா, பஸ் சரியா வரலன்னு எழுதுனா அது ஆயிரத்துல ஒரு கடுதாசி. 12 நாள்ல இத்தனை நாள் தவறுச்சு, இதுதான் டைம்னு எழுதுனா அத பாக்கறவன் டைம் சார்ட் எடுத்துப் பாத்தே ஆகணும்.

காலை ஷிப்ட்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 12 நாள் எழுதிட்டேன். 5:40 போனா டைம் தெரியாதுன்னு 6:00 பஸ்லயேதான் போனேன், அக்காகிட்ட முன்கூட்டியே சொல்லிட்டேன். 4 நாள்தான் பஸ் கிடைச்சுது. 5 நாள் முதல் பஸ்ஸே 6:23, 6:25னு வந்துச்சு. மீதி 3 நாள் என் பஸ் 6:20, 6:21க்கு சரியா வந்துச்சு, ஆனா ரெண்டாவது பஸ் 6:23க்கே கிளம்பிடுச்சு! எழுதலன்னா இது எனக்கே தெரிஞ்சிருக்காது, எல்லாம் முதல் பஸ் லேட்டுன்னே நினைச்சிட்டிருந்தேன்.

பழைய டைம் கீப்பர்:
அந்த 3 நாள்தான் உங்க கடுதாசில முதல் வரி. லேட்டா கிளம்புறதுக்கு நூறு காரணம் சொல்லலாம், முனையத்துலருந்து டைமுக்கு முன்னாடி கிளம்ப ஒரு காரணமும் கிடையாது. அத நிறுத்த செலவும் இல்ல, வண்டியும் வேண்டாம்.

அடுத்தது 4 நிமிஷம் தள்ளக் கேளுங்க, ஆனா 6:25 ஒரு நடைய மட்டும் தள்ளச் சொல்லாதீங்க. அந்த தடத்துல போக 25, வர 25, ரெண்டு முனை ஓய்வும் சேர்த்து 10, ஆக 60 நிமிஷம். 20 நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா 3 வண்டி ஓடுது. ஒரு நடைய மட்டும் தள்ளுனா அந்த டிரைவர் தண்ணி குடிக்கற நேரம் போயிடும், அவரு எதிர்ப்பாரு, நியாயமாவும் எதிர்ப்பாரு. முழு தடத்தையும் முதல் நடைலருந்தே 4 நிமிஷம் தள்ளுனா யாரோட ஓய்வும் குறையாது, நாலாவது வண்டியும் வேண்டாம். உங்களுக்கு 6:54க்கு ஆஸ்பத்திரி. ரயில் பிடிக்கிறவர் சொன்னத மறக்காதீங்க, எதிர்ப்பக்கம் வரவங்களையும் கேளுங்க.

காலை ஷிப்ட்:
கேட்டுட்டேன் சார். 6:25ல வரவங்க முக்கால்வாசி எங்கள மாதிரி 7 மணி, ஏழரை மணி வேலைக்கு போறவங்கதான், கிளீனிங் பாக்கற அக்காங்க, செக்யூரிட்டி அண்ணன் எல்லாம். எதிர்ப்பக்கத்துக்கு நைட் அக்காவே கேட்டு சொன்னாங்க, அவங்களும் அதே பஸ்லதான் வீட்டுக்கு போறாங்க. 27 பேர் கையெழுத்து போட்டாங்க. ஒரே பக்கம்தான் எழுதுனேன், 12 நாள் டைம், 3 நாள் முன்னாடி கிளம்புனது, 4 நிமிஷம் தள்ளறது, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்டாப், அவ்வளவுதான். நேர்ல குடுத்து கையெழுத்து வாங்கிட்டு வந்தேன்.

அம்மாவோட கூட போறவ:
ஸ்டாப்ப பத்தி எழுதுனதுக்கு நன்றிங்க. என்ன ஆச்சுன்னு கட்டாயம் சொல்லுங்க.

காலை ஷிப்ட் (மூணு வாரம் கழிச்சு):
மாறிடுச்சு! திங்கக்கிழமைலருந்து 6:29. போர்டுல பழைய நம்பர அழிச்சு சாக்பீஸ்ல எழுதியிருக்காங்க, மேப் தம்பி, ஆப்ல இன்னும் 6:25னுதான் இருக்கு. இந்த வாரம் 6 நாள்ல 5 நாள் பஸ் கிடைச்சுது, ஒரு நாள் மட்டும் முதல் பஸ் 6:28க்கு வந்து தவறிடுச்சு. நேத்து 7 அடிச்சு கொஞ்ச நேரத்துல அக்கா பைய மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாங்க, பையனுக்கு தானே தல வாரி விட்டேன்னு மத்தியானம் போன்ல சொன்னாங்க.

ஸ்டாப் விஷயத்துக்கு மட்டும் இடத்த வந்து பாக்கறோம்னு பதில் வந்திருக்கு, இன்னும் யாரும் வரல, அடுத்த வாரம் திரும்ப போய் கேக்கறேன். சாயங்கால பஸ்ஸுக்கும் நோட்டு ஆரம்பிச்சுட்டேன், 10 நாள் ஆனதும் இங்க போடறேன் சார், பாத்து சொல்லுங்க. 5:40 பஸ்ஸுக்கு வெச்ச அலாரத்த இன்னும் எடுக்கல, இன்னொரு வாரம் பாத்துட்டு எடுக்கறேன்.