மத்திய சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் எது நிற்கும்?

கேள்வி:
கூட்டாட்சிக் குடியரசில் ஒரே விஷயத்துக்கு மத்திய அரசும் மாநிலமும் ஆளுக்கொரு சட்டம் போட்டிருந்தால், எப்போதும் மத்திய சட்டம்தான் ஜெயிக்குமா? அப்படியென்றால் அதிகாரப் பங்கீடு எதற்கு?

பதில் 1:
எப்போதும் என்று இல்லை. மோதல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்தச் சட்டம் போட அதிகாரம் இருந்ததா என்று பாருங்கள். அமெரிக்க அரசியலமைப்பின் 6ஆவது பிரிவு மத்திய சட்டத்தை மேலே வைக்கிறது. ஆனால் அரசியலமைப்புக்கு உட்பட்டுப் போட்ட சட்டத்துக்குத்தான் அந்த மரியாதை. இதைப் பலர் விட்டுவிட்டுப் பேசுகிறார்கள்.

இந்தியாவில் 254ஆவது பிரிவு. பொதுப்பட்டியல் விஷயத்தில், அதாவது இரண்டு அரசுகளும் சட்டம் போடக்கூடிய விஷயத்தில், முரண்பட்டால் மத்திய சட்டம் நிற்கும். மாநிலச் சட்டம் முரண்படும் அளவுக்கு மட்டும் செல்லாது. மாநில மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றுவிட்டால், அந்த மாநிலத்துக்குள் அதுவே நிற்கும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தை ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடு 2017இல் திருத்தியது இந்த வழியில்தான். 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு: எந்த மத்திய சட்டத்தோடு முரண்படுகிறது என்று சொல்லி ஒப்புதல் கேட்க வேண்டும். சொல்லாமல் விட்ட சட்டத்துக்கு எதிராக அந்த ஒப்புதல் கைகொடுக்காது. தவிர, நாடாளுமன்றம் பிறகு ஒரு சட்டம் போட்டு அதையும் ரத்து செய்யலாம்.

பதில் 2:
ஜெர்மனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொது விதி அங்கேயும் மத்திய சட்டத்தின் பக்கம்தான். ஆனால் 2006 சீர்திருத்தத்துக்குப் பின் வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு போன்ற சிலவற்றில், கடைசியாக வந்த சட்டம் எதுவோ அதுவே நிற்கும்.

மாநிலங்களுக்கு மத்திய சட்டத்திலேயே கையும் இருக்கிறது. மேலவையான புன்டஸ்ராட்டில் மொத்தம் 69 வாக்குகள். மாநிலத்துக்கு 3 முதல் 6 வரை. ஒரு மாநிலத்தின் வாக்குகள் பிரியக் கூடாது. 2002 மார்ச்சில் குடியேற்றச் சட்டத்துக்கு பிராண்டன்பர்க் பிரதிநிதிகளில் ஒருவர் ஆம் என்றார், இன்னொருவர் இல்லை என்றார். அவைத் தலைவர் அதை ஆம் என்றே எண்ணினார். அந்த டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே செல்லாததாக்கியது.

பதில் 3:
மோதலைவிட முக்கியம், எந்த அரசு எதில் சட்டம் போடலாம் என்று பிரிக்கும் பட்டியலையே யார் மாற்றலாம் என்பது. இந்தியாவில் அதற்கு நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையோடு பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களாவது ஏற்க வேண்டும். 1976இல் கல்வி பொதுப்பட்டியலுக்குப் போனது அப்படித்தான். அமெரிக்காவில் எந்தத் திருத்தத்துக்கும் 50இல் 38 மாநிலங்கள் வேண்டும். மாநில எல்லை விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது: அங்கே அந்த மாநிலம் சம்மதிக்காமல் தொட முடியாது, இங்கே 3ஆவது பிரிவின்படி கருத்து கேட்டால் போதும், நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மையிலேயே பிரித்துவிடலாம்.