எல்லைப் பாதுகாப்புப் படையில் கான்ஸ்டபிளாகச் சேர எங்கிருந்து தொடங்குவது?

பென்னாகரம் பையன்:
வயது 20, பிளஸ் டூ முடித்திருக்கிறேன், எம்பிசி. உயரம் 171 செ.மீ., மார்பு 79, விரித்தால் 83. என்சிசி 'பி' சான்று இருக்கிறது. பிஎஸ்எஃப் தான் குறி. சித்தேரியில் இருக்கும் தோழி ஒருவரும் (மலையாளி பழங்குடி, எஸ்டி) எழுத விரும்புகிறார். எதை முதலில் கவனிக்க வேண்டும்?

காவேரிப்பட்டணம் கோச்:
தம்பி, முதலில் மார்பளவு. ஆண்களுக்கு விரிக்காமல் 80, விரித்து 85 வேண்டும். இரண்டும் தனித்தனியாகப் பார்ப்பார்கள்; 79 என்றால் அங்கேயே வெளியே. தினமும் தண்டால் எடுங்கள், கூடவே மூச்சை முழுதாக இழுத்து நிறுத்தும் பயிற்சியும் வேண்டும். பலர் தோளைத் தூக்குகிறார்கள், விலா எலும்பு விரிவதில்லை, டேப்பில் 3 செ.மீ. கூட ஏறாது.

ஓட்டம் 5 கி.மீ., 24 நிமிடம். 400 மீட்டர் தடத்தில் பன்னிரண்டரை சுற்று, சுற்றுக்கு 1 நிமிடம் 55 விநாடி. பயிற்சியில் 1.45-க்கு வந்துவிடுங்கள். முதல் சுற்றை 80 விநாடியில் பறந்து முடிப்பவர் ஏழாவது சுற்றில் நடக்கிறார். தார் ரோட்டிலேயே தினமும் ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடிக்கும். மண் தரை நல்லது.

ஓசூர் வழிகாட்டி:
பிஎஸ்எஃப் தனியாக எடுப்பதில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டபிள் ஜிடி (பொதுப் பணி) வேலைக்கு, பல மத்தியப் படைகளுக்கும் சேர்த்து எஸ்எஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் பொதுத் தேர்வுதான் வழி. கல்வித்தகுதி பத்தாம் வகுப்பு, வயது 18–23, ஓபிசிக்கு 3 ஆண்டு, எஸ்சி/எஸ்டிக்கு 5 ஆண்டு தளர்வு. விண்ணப்பத்தில் படைகளை வரிசைப்படுத்தும்போது யோசித்துப் போடுங்கள்: பாகிஸ்தான், வங்கதேச எல்லை பிஎஸ்எஃப், சீன எல்லை ஐடிபிபி, நேபாளம், பூடான் எஸ்எஸ்பி, மியான்மர் அசாம் ரைபிள்ஸ். ஓசூர் பக்கம் கர்நாடக எல்லைச் சாவடியில் நிற்கும் போலீஸ் வேறு, அது மாநிலத் தேர்வு.

தாளில் 80 கேள்வி, 160 மதிப்பெண், ஒரு மணி நேரம், தவறுக்கு 0.25 கழியும். 2024 முதல் தமிழிலும் எழுதலாம். ஆனால் மொழிப் பகுதி (20 கேள்வி) ஆங்கிலம் அல்லது இந்திதான். நம் பிள்ளைகள் அதைக் கடைசியில் தொட்டு 40 மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள். ஓட்டம் தகுதிக்கு மட்டும். தரவரிசையை முடிவு செய்வது தாள்தான். உங்கள் 'பி' சான்றுக்கு 3 சதவீதம் கூடுதலாக வரும், அதாவது 4.8 மதிப்பெண். அதை விண்ணப்பத்திலேயே குறிப்பிடுங்கள்.

அரூர் சான்றிதழ்:
எம்பிசி சாதிச் சான்று மட்டும் போதாது. மத்திய அரசு படிவத்தில் கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும், இ-சேவையில் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் தாசில்தார் அலுவலகத்தில் வரிசை நீளும். இருப்பிடச் சான்றும் முக்கியம், காலியிடம் மாநிலவாரியாகப் பிரிக்கப்படுகிறது. ஆதாரில் 'மு. கண்ணன்' என்றும் பத்தாம் வகுப்புச் சான்றில் 'கண்ணன் மு' என்றும் இருந்தால் இப்போதே திருத்துங்கள்.

தோழிக்கு: எஸ்டி சான்று கோட்டாட்சியர் தருவது. பெண்களுக்கு உயரம் 157, எஸ்டிக்கு 150, மார்பளவு இல்லை. ஓட்டம் 1.6 கி.மீ., எட்டரை நிமிடம். தேர்வுக் கட்டணம் பெண்களுக்கு இல்லை.

காவேரிப்பட்டணம் கோச்:
மருத்துவத்தைச் சொல்ல விட்டுப்போச்சு. கண்ணாடி போட்டுக்கொண்டு தேற முடியாது. ஒரு கண் 6/6, இன்னொன்று 6/9 வேண்டும். ஈரக்காலைச் சிமெண்டில் வைத்துப் பாருங்கள், பாதம் முழுதும் பதிந்தால் தட்டைப் பாதம். முட்டி இரண்டும் ஒட்டும்போது கணுக்கால் விலகி நிற்பதையும் பாருங்கள். காதில் அழுக்கு, விரைவீக்கம் போன்றவற்றை இப்போதே மருத்துவரிடம் காட்டிச் சரிசெய்யலாம். வலது கையில் பச்சை குத்தாதீர்கள்.

பென்னாகரம் பையன்:
நன்றி அண்ணா. திங்கள்கிழமை ஓபிசி சான்றுக்குப் போட்டுவிடுகிறேன். சாயங்காலம் மார்புப் பயிற்சி.