புதுப்பிப்பு: டி-34-85 டாங்கியின் வாஷ் திட்டுகள் தீர்ந்தன

என் 1/35 அளவு (அசலில் 35-இல் ஒரு பங்கு) டாங்கி மாடலில், வாஷ் (இடுக்குகளில் நிழல் காட்ட ஓடவிடும் நீர்த்த வண்ணம்) திட்டுத்திட்டாகப் படிந்து பச்சை நிறத்தையே கெடுத்துவிட்டது என்று எழுதியிருந்தேன். பளபளப்பில்லாத மேட் பெயின்ட்டின் சொரசொரப்புதான் வாஷை உறிஞ்சியிருக்கிறது. இம்முறை அக்ரிலிக் பச்சையின் மேல் பளபளப்பு வார்னிஷ் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். ரா அம்பர் என்ற அடர் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை அட்டையில் வைத்து, மிகுதி எண்ணெய் இறங்கியதும், சுமார் பத்துப் பங்கு வொயிட் ஸ்பிரிட்டில் (பெயின்ட் கரைப்பான்) கரைத்தேன்.

நுண்ணிய தூரிகையால் ஒரு போல்ட்டின் ஓரத்தைத் தொட்டேன். வண்ணம் தானாகவே அதைச் சுற்றி ஓடி, மெல்லிய வளையமாக நின்றது. எத்தனை அழகு! அரை மணி கழித்து, ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்த தூரிகையால், வழிந்ததை மேலிருந்து கீழாக இழுத்தேன். சாய்ந்த பக்கக் கவசத்தில் மழைநீர் இறங்கிய தடம் அப்படியே விழுந்தது. அதை வேண்டுமென்றே அழிக்காமல் விட்டிருக்கிறேன். நன்றாகக் காய்ந்தபின் மேட் வார்னிஷ்.