ஜிராவா, ட்ரெல்லோவா, ஜோஹோவா? திங்கட்கிழமைக்குள் சொல்லணும், உதவுங்கள்

கேஆர்புரம்_கார்த்தி
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் டீமுக்கு ஒரு புராஜெக்ட் மேனேஜ்மென்ட் டூல் வேண்டும். மொத்தம் 14 பேர். ஜிரா, ட்ரெல்லோ, ஜோஹோ புராஜெக்ட்ஸ், இந்த மூன்றில் எது நல்லது? இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பிலும் எக்செல்லிலும் ஓடுகிறது, தலை சுற்றுகிறது. திங்கள் காலை எம்டியிடம் ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். பட்ஜெட் கம்மி. சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

மாரத்தஹள்ளி_மணி
ஜிரா. யோசிக்கவே வேண்டாம் ப்ரோ. பெங்களூரில் எந்த டெவலப்பரை வேலைக்கு எடுத்தாலும் அவனுக்கு ஜிரா தெரிந்திருக்கும், சொல்லிக்கொடுக்கிற வேலை மிச்சம். புரோகிராமைச் சேமிக்கிற கிட்ஹப்போடு இணைத்துவிட்டு, ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதுகிற கமிட் செய்தியில் டிக்கெட் எண்ணைப் போட்டால் எந்த மாற்றம் எந்த வேலைக்கு என்று அதுவே காட்டும். வேலையை ஸ்பிரிண்ட் என்று இரண்டு வாரத் தவணைகளாகப் பிரித்து ஸ்க்ரம் முறையை ஒழுங்காக நடத்துங்கள், பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடும்.

அல்சூர்_அக்கா
கார்த்தி, முதலில் இது என்ன வேலை செய்கிற டீம்? எல்லாரும் ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்களா, வெளியில் திரிகிறவர்களா? பட்ஜெட் கம்மி என்றால் எவ்வளவு? ஜிராவின் இலவசத் திட்டம் 10 பேரோடு நின்றுவிடும். ட்ரெல்லோ இலவசத்திலும் ஒரு ஒர்க்ஸ்பேஸுக்கு 10 பேர்தான். 14 பேர் என்றால் அந்த இரண்டிலுமே காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பசவனகுடி_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
இதே கேள்வி இங்கே மாதா மாதம் வருகிறது. தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது தம்பி, அதைக் கை வலிக்காமல் பயன்படுத்தலாம். என்ன வேலை என்றே எழுதாமல் எந்த டூல் என்று கேட்பது, டாக்டரிடம் போய் எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மாத்திரை கேட்பது போல. போதாக்குறைக்கு 'திங்கட்கிழமைக்குள்' வேறு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

விஜயநகர்_வேலு
பெரியவர் ஆரம்பித்துவிட்டார். அது இருக்கட்டும் கார்த்தி, ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஜிரா, ட்ரெல்லோ இரண்டும் ஒரே வீட்டுச் சமாச்சாரம். ட்ரெல்லோவை 2017இல் ஜிராவின் கம்பெனியான அட்லாசியன் வாங்கிவிட்டது, 42.5 கோடி டாலருக்கு. அதனால் போட்டி உண்மையில் அட்லாசியனுக்கும் ஜோஹோவுக்கும்தான். நான் ஜோஹோ பக்கம். சென்னைக்காரன், தென்காசியில் உட்கார்ந்து செய்கிறான், ரூபாயில் பில் வரும்.

மாரத்தஹள்ளி_மணி
ஊர்ப்பாசத்தில் சாஃப்ட்வேர் வாங்கக்கூடாது சார்.

கணக்கு_பிள்ளை_ஜேபிநகர்
ஊர்ப்பாசத்தை விடுங்கள், ரூபாய் பில் என்பதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். வெளிநாட்டு பில்லில் ஜிஎஸ்டி இல்லையே என்று சந்தோஷப்படுவார்கள். அது சேவை இறக்குமதி. பதிவு பெற்ற கம்பெனி என்றால் ரிவர்ஸ் சார்ஜில், அதாவது விற்றவனுக்குப் பதிலாக, 18% நீங்களே கட்ட வேண்டும், அதுவும் ரொக்கக் கணக்கிலிருந்து. பிறகு இன்புட் கிரெடிட்டாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் கையை விட்டுப் போகும்.

அடுத்தது கார்டு. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகக் கழிகிற சந்தாவுக்கெல்லாம் முன்கூட்டியே இ-மேண்டேட், அதாவது கழிக்க அனுமதி, பதிய வேண்டும், கழிப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. வெளிநாட்டு விற்பனையாளருக்கும் இதேதான். எம்டி பெயரில் கார்டு, அவர் ஃபிளைட்டில் இருக்கிறார், ஓடிபி யாரிடம் கேட்பீர்கள்? வருடச் சந்தாவாக ஒரே தடவை கட்டிவிடுவது நிம்மதி.

அல்சூர்_அக்கா
பிள்ளைவாள் சொன்னதை எம்டியிடம் அப்படியே காட்டுங்கள். ஆனால் என் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. என்ன டீம் கார்த்தி?

கேஆர்புரம்_கார்த்தி
சாரி, சைட்டில் இருந்தேன். நாங்கள் சாஃப்ட்வேர் இல்லை, இன்டீரியர். ஃபிளாட்டுகளுக்கு மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங். பீன்யாவில் சின்ன ஃபேக்டரி. 14 பேரில் ஆபீஸ் ஆறு, மீதி சைட் சூப்பர்வைசர்கள். போன வாரம் சர்ஜாபூர் ரோட்டில் ஒரு சைட், கிச்சனின் அடிப்பெட்டிகள் வந்து இறங்கவே இல்லை, மேடைக்குக் கல் போடுகிற குவார்ட்ஸ் கடைக்காரன் டெம்ப்ளேட் (வெட்டுவதற்கான அளவு அச்சு) எடுக்க ஆளை அனுப்பிவிட்டான். அவன் திரும்பிப் போனதற்கு எங்களிடம் காசு கேட்கிறான். இந்த மாதிரிதான் தினமும்.

மாரத்தஹள்ளி_மணி
ஓ. சரி, அப்படியே இருந்தாலும் அஜைல், அதாவது சின்னச் சின்னதாக முடித்து இடையில் மாற்றிக்கொண்டே போகிற முறை, எல்லா வேலைக்கும் பொருந்தும். ஒவ்வொரு ஃபிளாட்டும் ஒரு எபிக் (பெரிய வேலை), ஒவ்வொரு அறையும் ஒரு ஸ்டோரி (அதற்குள் சின்ன வேலை).

விஜயநகர்_வேலு
மணி, குவார்ட்ஸை வெட்டி முடித்த பிறகு கஸ்டமர் 'சிங்க் இந்தப் பக்கம் வேண்டாம்' என்றால் அடுத்த ஸ்பிரிண்டில் ஒட்டிக் கொடுப்பீர்களா?

பழைய_பிடதி
இவருக்கு வேண்டியது கான்பான், கையில் இருக்கிற வேலைக்கு எல்லை போடுகிற முறை. சூப்பர்வைசர் ஒருத்தருக்கு எத்தனை சைட் என்று எல்லை வைத்தாலே போதும்.

மாரத்தஹள்ளி_மணி
அப்படியானால் ட்ரெல்லோவே கான்பான்தானே சார். மூன்று பத்தி, கார்டை நகர்த்தினால் முடிந்தது.

பழைய_பிடதி
இல்லை. பிடதி டொயோட்டா ஆலைக்குப் பாகம் செய்து அனுப்பிய பட்டறையில் வேலை பார்த்தவன் நான். கான்பான் என்பது பெட்டியோடு வருகிற அட்டை. பெட்டியைப் பயன்படுத்தத் தொடங்கினால் அட்டை பின்னால் போகும், அட்டை வந்தால்தான் அடுத்ததைச் செய்யலாம். அட்டை இல்லாமல் ஒரு போல்ட்கூடச் செய்யக்கூடாது, அதுதான் டொயோட்டாவில் கான்பானைக் கொண்டுவந்த டாயிச்சி ஓனோ போட்ட கட்டுப்பாடு. எல்லை இல்லாமல் கார்டாக ஒட்டிக்கொண்டே போனால் அது வெறும் நோட்டீஸ் போர்டு. ஜிரா போர்டில் பத்திக்கு எல்லை வைக்கிற வசதியாவது இருக்கிறது.

மாரத்தஹள்ளி_மணி
சாஃப்ட்வேரில் கான்பான் என்றால் வேறு அர்த்தம் சார், அது எப்போதோ மாறிவிட்டது. 2001இல் யூட்டாவில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கை எழுதிய பிறகு…

பசவனகுடி_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
அந்த அறிக்கையில் கான்பான் என்ற சொல்லே கிடையாது. படித்துவிட்டு எழுதவும்.

பழைய_பிடதி
அதான்.

மாரத்தஹள்ளி_மணி
இருக்கிறது என்று நான் சொல்லவே இல்லையே! வாக்கியத்தை முடிக்க விடுங்கள்.

அல்சூர்_அக்கா
சண்டையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கார்த்தி, நான் இதே மாதிரி ஃபிட்அவுட் வேலையில் கோஆர்டினேட்டர், அதனால் சொல்கிறேன்.

உங்கள் வேலையில் ஒன்று முடிந்தால்தான் இன்னொன்று. வயரிங் முடியாமல் சீலிங் மூட முடியாது. அடிப்பெட்டி லெவலாக உட்கார்ந்த பிறகுதான் குவார்ட்ஸ் டெம்ப்ளேட், அதற்கப்புறம் கட்டிங், அதற்கப்புறம்தான் சிங்க், அடுப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் கஸ்டமர் லேமினேட் ஷேடுக்கு ஓகே சொல்ல வேண்டும், அங்கேதான் ஒரு வாரம் போகும். அவர் ஒரு வாரம் இழுத்தால் குவார்ட்ஸ் தேதி தானாகத் தள்ளிப்போய்க் கண்ணில் பட வேண்டும். ட்ரெல்லோ கார்டில் தேதி எழுதலாம், ஆனால் முன்னால் உள்ள கார்டு தள்ளிப்போனதை அது பார்த்துக்கொள்ளாது. ஆகவே முன்வேலை, பின்வேலை கட்டிப் பார்க்கிற காண்ட் சார்ட் (வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டுகிற படம்) உள்ளதாக எடுங்கள். உங்கள் மூன்றில் ஜோஹோ புராஜெக்ட்ஸ் அதற்கு ஒத்துவரும். பெரிய கட்டுமானக்காரர்கள் பிரிமவேரா என்கிற சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள், உங்களுக்கு அது அதிகம்.

இன்னொன்று, சூப்பர்வைசர்களை யூசராகவே சேர்க்காதீர்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் ஹிந்தி, மீதி கன்னடம், யாரும் சைட்டில் நின்றுகொண்டு இங்கிலீஷ் ஆப்பில் ஸ்டேட்டஸ் மாற்றப்போவதில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோவும் வாய்ஸ் நோட்டும் அனுப்புவார்கள், அனுப்பட்டும். ஆபீஸில் ஒருத்தர் சாயங்காலம் ஐந்தரைக்கு உட்கார்ந்து அதைப் பார்த்து ஏற்ற வேண்டும். அபார்ட்மென்ட்காரர்கள் ஆறு மணிக்கு டிரில்லை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள், அதற்குள் அன்றைய நிலவரம் தெரிந்துவிடும். இப்படிச் செய்தால் ஆறு பேருக்குத்தான் காசு.

மாரத்தஹள்ளி_மணி
அந்த ஒருத்தர் லீவ் போட்டால்?

அல்சூர்_அக்கா
இன்னொருத்தர் ஏற்றுவார். எட்டு சூப்பர்வைசர் பின்னால் ஓடுவதைவிட அது சுலபம்.

கணக்கு_பிள்ளை_ஜேபிநகர்
எதை எடுத்தாலும் சிஎஸ்வியில் (எக்செல்லில் திறக்கிற கோப்பு) எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். அட்லாசியன் 2024 பிப்ரவரி 15உடன் தன் சர்வர் பதிப்புகளுக்கான (கம்பெனிகள் சொந்தக் கணினியில் வைத்து ஓட்டுபவை) ஆதரவை நிறுத்தியது. எந்தக் கம்பெனியும் நாளைக்கு மனசு மாறலாம்.

விஜயநகர்_வேலு
எல்லா சைட்டையும் ஒரே நாளில் ஏற்றாதீர்கள் கார்த்தி. இப்போதுதான் ஆரம்பிக்கிற ஒரு ஃபிளாட்டை மட்டும் ஏற்றி ஹேண்டோவர் வரைக்கும் ஓட்டுங்கள். பாதியில் இருக்கிற சைட்டை ஏற்றினால் பழைய தேதியெல்லாம் சிவப்பாக வரும், எம்டி அதைப் பார்த்துப் பதறுவார்.

பசவனகுடி_பெரியவர் (மூத்த உறுப்பினர்)
முதல் பதிவிலேயே 'இன்டீரியர்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் இந்த இழை நான்கு பதிலில் முடிந்திருக்கும். பழைய பிடதிக்கு ஒரு திருத்தம்: ஓனோவின் ஆலையில்…

பழைய_பிடதி
வேண்டாம் சார், விட்டுவிடுங்கள்.

கேஆர்புரம்_கார்த்தி
எல்லாருக்கும் நன்றி. ஜோஹோ ட்ரையல் போட்டாச்சு, எம்டி ஓகே சொல்லிவிட்டார். ஆனால் சூப்பர்வைசர்களுக்கும் லாகின் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறார். பார்ப்போம். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஃபிளாட்டை மட்டும் ஏற்றுகிறேன்.

அல்சூர்_அக்கா
லாகின் கொடுங்கள், பரவாயில்லை, ஐந்தரை மணி ஆளை மட்டும் விடாதீர்கள். எந்தத் திட்டம் எடுத்தீர்கள்? காண்டில் முன்வேலை கட்டுகிற வசதி அதில் வருகிறதா என்று பார்த்தீர்களா?

மாரத்தஹள்ளி_மணி
கார்த்தி?