மறு: கருவிகளின் ‘டியூரபிலிட்டி’, ‘ரிப்பேர்’ இரண்டுக்கும் சொல் வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

லுவாண்டிக்கு (மைன்கிராஃப்ட் போலக் கட்டிகளால் உலகம் கட்டும் ஆட்டங்களுக்கான கட்டற்ற மென்பொருள்) நான் எழுதிவரும் செப்பனிடும் மாட்டில் (ஆட்டத்தோடு சேர்க்கும் கூடுதல் நிரல்), ஒரு கருவி எவ்வளவு வரும் என்று காட்டும் ‘டியூரபிலிட்டி’க்கும் அதைச் சரிசெய்யும் ‘ரிப்பேரு’க்கும் தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு சொல்லையும் திரையில் போட்டுப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

> ‘ஆயுள்’ என்றே வைக்கலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் அதே திரையில் ஆட்டக்காரரின் உயிர் அளவும் ஓடுகிறது. பக்கத்தில் ‘ஆயுள்’ என்று இன்னொரு பட்டை வந்தால் புதிதாக ஆடுகிறவர் தடுமாறுவார். ‘தாங்குதிறன்’ கேடயத்துக்குப் பொருந்தும். கல் வெட்டும் குந்தாலி எதையும் தாங்குவதில்லை, வெட்டி வெட்டித் தேய்கிறது. ‘நீடித்துழைக்கும் தன்மை’ பொருளில் சரிதான், ஆனால் சின்னப் பெட்டிக்குள் இரண்டு வரியாக மடிகிறது.

ஆனாலும் அந்த நீளமான தொடருக்குள்ளேதான் நமக்கு வேண்டிய சொல் இருக்கிறது. ஒரு பொருள் நாள்பட வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? ‘இந்தச் செருப்பு நல்லா உழைக்கும்’, ‘அந்தப் பை ரெண்டு வருஷம் உழைச்சுது’. அதனால் என் பரிந்துரை உழைதிறன். ‘தாங்குதிறன்’ போலவே வினைத்தொகை. ‘உழைதிறன்: 190 / 250’ என்று ஒரே வரியில் அடங்குகிறது. தொழிலாளியின் உழைப்பு நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். குந்தாலியின் பெயருக்குக் கீழே எண்ணோடு வரும்போது அந்தக் குழப்பம் வராது.

இதோடு ‘தேய்மானம்’ என்ற சொல்லும் வேண்டும். லுவாண்டி கருவியின் தேய்வை 0-இலிருந்து 65535 வரை ஏறுமுகமாக எண்ணுகிறது. மைன்கிராஃப்ட் காட்டுவது மிச்சத்தை: இரும்புக் குந்தாலிக்கு 250, வைரத்துக்கு 1561, அங்கிருந்து இறங்கும். ஏறுவது தேய்மானம், இறங்குவது உழைதிறன். ஒன்றையே இரண்டுக்கும் வைத்தால் மொழிபெயர்க்கிறவரே தலைகீழாக எழுதிவிடுவார்.

இனி ‘ரிப்பேர்’.

> பேச்சில் எல்லோரும் ரிப்பேர் என்றுதானே சொல்கிறோம், அப்படியே விட்டால் என்ன?

இதில்தான் நான் அதிகம் யோசித்தேன். ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி ஓடவில்லை என்று பொருள். ‘வண்டியை ரிப்பேர் பண்ணினேன்’ என்றால் ஓட வைத்துவிட்டேன் என்று பொருள். பொத்தானில் ‘குந்தாலி ரிப்பேர்’ என்று இருந்தால் அது கெட்டுவிட்டதா, சரியாகப் போகிறதா? ‘பழுதுபார்’ போடலாம் என்றால் அதிலும் சிக்கல். இந்த விளையாட்டுகளில் கருவி பழுதாவதே இல்லை. தேய்கிறது, தேய்ந்து முடிந்ததும் மறைந்துவிடுகிறது. பாதிக்கு மேல் தேய்ந்த இரண்டு இரும்புக் குந்தாலிகளைக் கைவினைக் கட்டத்தில் (பொருள்களை அடுக்கிப் புதுப்பொருள் செய்யும் இடம்) சேர்க்கிறோம்: ஒன்றில் 100 மிச்சம், மற்றதில் 90. மைன்கிராஃப்ட் கூட்டி, முழு அளவான 250-இல் 5 சதவீதத்தையும் (பின்னம் போக 12) சேர்த்து 202 தருகிறது. லுவாண்டியின் பழைய அடிப்படை ஆட்டமான மைன்டெஸ்ட் கேமில் அந்தக் கூடுதல் 2 சதவீதம். இங்கே எது பழுது? தேய்ந்ததைச் சமன்செய்கிறோம், அவ்வளவுதான். அதற்கு ‘செப்பனிடு’ பொருத்தமாக இருக்கிறது.

இப்படிப் பிரித்த பிறகுதான் மாட்டுக்கு என்ன குறை என்று எனக்கே தெரிந்தது. தமிழில் தேய்ந்தது வேறு, பழுதானது வேறு. ஆட்டத்தில் இரண்டாவது நிலையே இல்லை. பல நாள் சேர்த்துச் செய்த கருவி, கவனிக்காமல் ஒரு கல் கூடுதலாக வெட்டியதும் கையிலிருந்து காணாமல் போவது சரியில்லை. மைன்கிராஃப்டிலேயே எலைட்ரா சிறகு விதிவிலக்கு. உழைதிறன் 1-க்கு வந்ததும் பறக்காது, ஆனால் அழியாது, மறுபடி சரிசெய்யலாம். எல்லாக் கருவிக்கும் அதையே வைக்கப் போகிறேன். லுவாண்டியில் கருவியின் வரையறையில் ‘ஆஃப்டர்_யூஸ்’ செயற்கூறை (கருவியைப் பயன்படுத்தியதும் ஓடும் நிரல்) நாமே எழுதினால், கடைசித் தேய்வில் கருவியை அழிக்காமல் ‘பழுதான குந்தாலி’யாக மாற்றித் தரலாம். அப்புறம் கட்டத்தில் செய்வது செப்பனிடுதல், பழுதானதைப் பட்டடையில் (கொல்லரின் அடைகல், ஆங்கிலத்தில் ‘ஆன்வில்’) வைத்துச் செய்வது பழுதுபார்த்தல். இரண்டு சொல்லுக்கும் வேலை வந்துவிட்டது.

> ‘பட்டடை’ யாருக்குத் தெரியும்? ‘பட்டறைக்கல்’ போடுங்கள்.

இதை மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. குறள் 821-இல் அடித்து வேலை செய்யும் கல்லுக்கு வள்ளுவர் சொல்லும் பெயரே பட்டடைதான். படமும் பக்கத்தில் இருக்கிறது, இரண்டு முறை ஆடினால் பழகிவிடும்.

மிச்சம் இருப்பது ஒன்று. மைன்கிராஃப்ட் பட்டடையில் ஒரு கருவியை ஒவ்வொரு முறை வைக்கும்போதும் கூடுதல் செலவு 1, 3, 7, 15, 31 என ஏறும். செலவை ஆட்டக்காரரின் அனுபவ நிலைகளிலிருந்து கழிப்பார்கள், அது மொத்தம் 40 நிலையைத் தொட்டால் ‘செலவு மிக அதிகம்’ என்று மறுத்துவிடும். என் மாட்டில் அது கிடையாது, தேய்ந்த அளவுக்கு மட்டுமே செலவு. ஆனாலும் அமைப்புப் பக்கத்தில் வேண்டுகிறவர்கள் இயக்கிக்கொள்ள ஒரு தேர்வு வைக்கிறேன், அதற்குப் பெயர் தேவை. ‘முன்வேலைச் சுமை’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். படித்ததும் பொருள் எட்டவில்லை என்பதே என் எண்ணம். இதைவிட நல்லதாக ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.