மறு: குரோனோகிராஃப் – 'காலவரைவி' வேண்டாம், 'இடைநேரமானி' சரிவருமா?

வணக்கம்.

மணி காட்டுவதோடு, ஓட்டி நிறுத்தி நேரத்தை அளக்கவும் உதவும் கடிகாரமான குரோனோகிராஃபுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில், 'காலவரைவி' வேண்டாம் என்பது என் கட்சி. அந்தச் சொல்லுக்கு வரலாற்று நியாயம் உண்டு: 1821-இல் பாரிசில் ரியூசெக் என்ற கடிகாரக் கலைஞர் குதிரைப் பந்தயத்துக்குப் பயன்படுத்திய கருவி, முகப்பில் மைப்புள்ளி வைத்து நேரத்தை உண்மையாகவே பதித்துக் காட்டியது. ஆனால் இன்று கையில் கட்டும் குரோனோகிராஃப் எதையும் வரைவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு முள் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், மணி காட்டும் முட்கள் தம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். 'காலமானி'யும் ஆகாது, அதைக் குரோனோமீட்டருக்குக் கொடுத்தாயிற்று. அது துல்லியத்துக்குச் சான்று பெற்ற கடிகாரம், வேறு வகை.

விண்வெளி வீரர்கள் இதை எதற்குக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று பார்த்தாலே சொல் கிடைத்துவிடும். 1970-இல் அப்பல்லோ 13 விண்கலத்தின் விபத்துக்குப் பிறகு, மின்சாரத்தை மிச்சப்படுத்தப் பெரும்பாலான கருவிகளை அணைத்துவிட்டுத் திரும்பும்போது, பாதையைத் திருத்த எஞ்சினை 14 நொடி மட்டும் எரிக்க வேண்டியிருந்தது. அந்த 14 நொடியைத் தன் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் குரோனோகிராஃபில் அளந்தவர் அதில் இருந்த வீரர் ஸ்விகெர்ட். அப்போது மணி எத்தனை என்பது முக்கியமே இல்லை, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதனால்தான் 'இடைநேரமானி' என்கிறேன். இடைவேளை என்று யாராவது குழம்புவார்களா என்றால், 'மானி' என்ற ஈறு அதைப் பார்த்துக்கொள்ளும்.

அப்புறம், விண்பயணத்துக்கு ஏற்றது என்று நாசா தரும் சான்றுக்கு இன்னொரு சொல்லும் வேண்டும். கடிகார நிறுவனங்களின் சண்டையே அதைச் சுற்றித்தான். நாசா சோதித்த ஒமேகா, ரோலெக்ஸ், லாஞ்ஜின்ஸ்-விட்னவர் மூன்றும் இடைநேரமானிகள்தான். 93 டிகிரி செல்சியஸ் வரை சூடு, ஈரப்பதம், வெற்றிடம், அதிர்வு எல்லாவற்றையும் தாங்கி 1965 மார்ச்சில் தேறியது ஸ்பீட்மாஸ்டர் மட்டும். ஒமேகா அதை வைத்து இன்றுவரை விளம்பரம் செய்துகொண்டிருக்கிறது, செய்யாமல் இருந்தால்தான் அதிசயம். ஆனால் 1971-இல் அப்பல்லோ 15-இன் ஸ்காட், தன் ஒமேகாவின் கண்ணாடி கழன்றுபோக, சொந்தமாகக் கொண்டுபோன புலோவா கடிகாரத்தை நிலவில் கட்டினார். அது 2015-இல் 16 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. போக் என்ற வீரர் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோன செய்கோ கடிகாரமும் இப்படித்தான், நாசா சான்று இல்லாதது. ஆக "விண்வெளிக்குப் போன கடிகாரம்" என்று எழுதினால் இவை எல்லாமே அடங்கிவிடும். ஒமேகாவுக்குக் கிடைத்ததை மட்டும் 'விண்பயணத் தகுதிச்சான்று' என்று தனியாகச் சொல்லலாம், நீளம்தான், ஆனால் தெளிவு.

எனக்குச் சிக்கலாக நிற்பது டாக்கிமீட்டர். முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தில், கடந்த நொடிகளை வைத்து மணிக்கு எவ்வளவு வேகம் என்று படிக்க உதவும் அளவுகோல் அது. 'வேகமானி' என்றால் ஸ்பீடோமீட்டரோடு மோதும். 'வேக வளையம்' என்று எழுதிப் பார்த்தேன், வளையமே வேகமாகச் சுழல்வதுபோல் இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.